ஊசி போடாத டாக்டர்

“ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டரு மாப்ள?” என்று என் மச்சான் கேட்டார். என் மகள் அடுப்படியில் நின்று அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும். வெளியே வந்து டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். வீரகேரளம்புதூர் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு, போலீசில் ஏட்டு உத்தியோகம். தங்கை போனதிலிருந்து வாரம் ஒரு தடவையாவது எங்கள் வீட்டை எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் அப்போது எங்களுக்கு வாடகை வீடு. வருகிற வழியில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் இறங்கி, பை நிறையக் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வருவார். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு எதற்கு என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த வாரமும் அதே பை வரும்.

அன்றைக்கு அவர் கோபமாக வந்ததற்குக் காரணம் இருந்தது. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். திருநெல்வேலியில் ஒரு வருஷம் நீட் கோச்சிங் சேர்த்துவிடலாம், அடுத்த வருஷம் எம்.பி.பி.எஸ். என்று மச்சான் மனதில் முடிவே கட்டியிருந்தார். அவளோ இயற்கை மருத்துவமும் யோகாவும் படிக்கப் போகிறேன் என்று நின்றாள். ஐந்தரை வருஷப் படிப்பு, அதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கை வைத்தே எடுப்பார்கள் என்பதையெல்லாம் அவளே விசாரித்து வைத்திருந்தாள்.

“வயித்துல மண்ணை அப்பி, தொட்டித் தண்ணியில உக்கார வச்சு அனுப்புத படிப்பு. அதுக்கு இம்புட்டு மார்க்கு எதுக்கு? நீ எடுத்துச் சொல்ல மாட்டியா?” என்றார்.

“சொன்னேன் மச்சான். அவளுக்கு அதுதான் வேணுமாம்.”

“ஏன்னு கேட்டியா?”

கேட்டிருந்தேன். “புடிச்சிருக்குப்பா” என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

அவளுடைய அம்மா அங்கன்வாடி டீச்சராக இருந்தாள். கொரோனா இரண்டாம் அலையில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கிற வேலையை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் வெப்பமானி, கழுத்தில் அட்டை, முகத்தில் இரட்டை மாஸ்க். அப்படிப் போய் வந்துகொண்டிருந்தவளுக்கே ஒரு நாள் உடம்பு சுட்டது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸ் வந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது. அடுத்த நாளே எனக்கும் மகளுக்கும் சோதனையில் இருக்கிறது என்று வந்துவிட்டது. எங்களுக்கு லேசான காய்ச்சலோடு போயிற்று. ஆனால் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா இருந்தார். தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்புக்குள் இருந்த அவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. சாயங்காலம் ஆனால் தன்னுடைய போனிலிருந்து வீடியோ கால் போட்டு, என் மனைவி முகத்துக்கு நேரே பிடிப்பார். அவளால் பேச முடியாது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் எங்களைத் தேடும். கையைக் கொஞ்சம் தூக்குவாள். “அம்மா, சாப்டியா?” என்று மகள் இங்கிருந்து கத்துவாள். ஒரு சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாள் காலையில் வேறொரு நம்பரிலிருந்து வந்தது.

அவள் உடம்பைக் கட்டிய பொட்டலமாகத்தான் கொடுத்தார்கள். என்னை மட்டும் உடுப்புப் போட்டுக் கூட்டிப் போய், தள்ளி நிற்க வைத்து, முகத்தை ஒரு தடவை காட்டினார்கள். மகள் பார்க்கவில்லை. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு.

எனக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை. அந்த வருஷம் அருவிக்கரையில் ஆளே இல்லை. தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் கூட்டம் மறுபடியும் வந்துவிட்டது. ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து சாவி கேட்பார்கள். எந்த அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். நானும் சிரித்தபடியே சொல்வேன். பள்ளி முடிக்கிற வரைக்கும் அந்த மூன்று வருஷத்தில் என் மகள் ஒரு தடவைகூட அருவிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அப்ளிகேஷன் போடுகிற நேரம் சரியாக சீசன் உச்சத்தில் வந்தது. முதலாளியிடம் சொல்லி மதியத்துக்கு மேல் ஓடி வருவேன். சாரலில் நனைந்தபடி சாதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று அலைந்தோம். அதில் முதல் பட்டதாரிச் சான்று என்று ஒன்று உண்டு. குடும்பத்தில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் கொடுப்பார்கள், கட்டணத்தில் சலுகை கிடைக்கும். அதற்காகத்தான் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனோம். நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார்.

“வீட்ல யாரும் டிகிரி முடிக்கலைல்லா?” என்றார்.

“இல்ல சார்” என்றேன்.

“எங்கம்மா முடிச்சிட்டாங்க” என்றாள் மகள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் புத்தகத்தை மகள் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டு, பாத்திரம் விளக்கிக்கொண்டே பதில் சொல்லுவாள். தப்பாகச் சொன்னால் மகள் அதட்டுவாள்.

“ஒரு பேப்பர்தான் பாக்கி சார். கொரோனாவுல பரிச்சை தள்ளிப் போயிட்டு” என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ முடிக்கலைன்னுதானம்மா ஆகுது?”

“தள்ளிப் போகலேன்னா முடிச்சிருப்பாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “எனக்குப் புரியுது பாப்பா. ஆனா அப்படி நான் எழுத முடியாதுல்லா” என்றார். அவர் காட்டிய இடத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் மினி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். இறங்குகிற சமயத்தில், “அம்மா படிக்காதவங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கோம்பா” என்றாள். சட்டைப் பையில் சில்லறையைத் தேடுகிறவன்போல நான் குனிந்துகொண்டேன்.

அடுத்து உடல் தகுதிச் சான்று. அரசு டாக்டர் கையெழுத்து வேண்டும் என்று போட்டிருந்தது. தென்காசி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். இளநீர்க்காரர் வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

“வேற ஊர் ஆஸ்பத்திரில வாங்கிக்கிடலாம் தாயி. செங்கோட்டைக்குப் போவமா?”

“இல்லப்பா, வாங்க” என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

கட்டடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எந்த வார்டு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் அவளைக் கூட்டிப் போனேன். உள்ளே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. எடை, உயரம், கண் பார்வை எல்லாம் பார்த்தார். நாடி பார்க்கக் கையைப் பிடித்துக்கொண்டே, “பெரிய காய்ச்சல், வியாதி ஏதாவது வந்திருக்கா?” என்று கேட்டார்.

“கொரோனா வந்துச்சு.”

“வீட்ல வேற யாருக்கும்?”

“அப்பாவுக்கு. அம்மாவுக்கு.”

“இப்ப நல்லா இருக்காங்களா?”

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுத வேண்டியதை ஒரு கையாலேயே எழுதினார். இன்னொரு கை அவள் மணிக்கட்டை விடவில்லை. கடைசியில் “நல்லாப் படிம்மா” என்று தோளில் தட்டி அனுப்பினார். வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மருந்துச் சீட்டோடு போய்க்கொண்டிருந்தவர்கள் யாரும் நின்று பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அழுகிற ஆளை யார் நின்று பார்ப்பார்கள்?

தரவரிசையில் அவள் பெயர் வந்தது. கலந்தாய்வுக்குச் சென்னைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மச்சான் பொதிகை எக்ஸ்பிரஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்து, ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். அவர் மனது மாறவில்லை. ஆனாலும் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் அல்வாவை உள்ளே தள்ளி, “ஏட்டி, அங்கன போயி மிரளாத. கேக்கிறதுக்குச் சத்தமாப் பதில் சொல்லு” என்றார்.

கலந்தாய்வு நடந்த இடத்தில் பெரிய பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் பைலும் பையுமாகப் பெற்றோர்கள். சான்றிதழ் சரிபார்க்கிற வரிசையில் அவளுக்கு முன்னால் தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி நின்றாள். சட்டென்று பழகிவிட்டார்கள். நான் இரண்டு அடி பின்னால் பைலோடு நின்றேன்.

“நான் நீட்ல விட்டுட்டேன், அதனால இதுக்கு வந்தேன். நீ?” என்று அந்தப் பிள்ளை கேட்டது.

“நான் நீட் எழுதவே இல்ல” என்றாள் என் மகள்.

“இவ்வளவு மார்க் வச்சுக்கிட்டா? ஏன்?”

“இதுல பேஷன்ட்டைத் தொட்டுத்தான் ஆகணும். மசாஜ், ஒத்தடம், ஈரத்துணிப் பட்டி, எல்லாமே கையாலதான்” என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல, அதே குரலில் தொடர்ந்தாள். “எங்கம்மா கொரோனாவுல ஆஸ்பத்திரில இருந்தாங்க. நர்சக்கா நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா சாகுற வரைக்கும் வெறுங்கையால ஒருத்தரும் தொடலை. க்ளவுஸ் போட்டுத்தான் தொட முடியும் அப்போ. நான் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பேன்.”

அந்தப் பிள்ளை என் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர், “சார், போங்க” என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைத்தேன். மூன்று வருஷமாக ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சோறு தின்றிருக்கிறோம். அவள் எதை நினைத்துக்கொண்டு படுத்தாள் என்பதை முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் அவள் சொல்லித்தான் நான் கேட்டேன். எனக்கும் அவளுக்குமே அதைப் பேசியிருக்க வாய் வந்திருக்காது. அவளும் பாவம், நானும் பாவம்.

எங்கள் முறை வந்தபோது உள்ளே கூப்பிட்டார்கள். திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் அரசுக் கல்லூரியில் இடம் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியிலும் இருந்தது. கன்னியாகுமரி என்றால் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வீடு. முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன், கட்டணத்துக்கு உதவுகிறேன் என்றிருந்தார். அதை அவளிடமும் சொல்லியிருந்தேன். அதிகாரி கேட்டதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. “சென்னை” என்றாள், மாமா சொன்ன மாதிரி சத்தமாக.

திரும்புகிற ரயிலில் செங்கல்பட்டு தாண்டியதும் மெல்லக் கேட்டேன். “பீஸுக்காகவா அப்படிச் சொன்ன? அதை நான் பாத்துக்கிட மாட்டனா? பக்கத்துலன்னா வாராவாரம் வந்துட்டுப் போகலாம்லா.”

“பீஸுக்காக இல்லப்பா.”

பிறகு பக்கத்துச் சீட்டுக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்துபோன சமயத்தில் அவளே சொன்னாள். “வாராவாரம் வரணும்ல. ஒவ்வொரு வாரமும் கதவைத் தொறக்கும்போது அம்மா இல்லாமப் பாக்கணும். தினமும் அங்கனயே இருந்தா ஒரு மாதிரி பழகிட்டு. போயிட்டுப் போயிட்டு வந்தா என்னால முடியாதுப்பா.”

“சரி தாயி” என்றேன்.

“நீங்க எப்படி இருப்பீங்க?” என்றாள்.

“எனக்கென்ன, லாட்ஜ் இருக்கு. சீசன்ல வீட்டுக்கு வர எங்க நேரம்?” என்றேன். அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். பதினேழு வயசுதான் அப்போது அவளுக்கு.

கல்லூரியில் சேர்க்கப் போனபோது நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. விடுதிக்குள் ஆம்பளைகளுக்கு அனுமதி இல்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அப்பாமார் எல்லோரும் வெளியே மரத்தடியில் நின்றோம். அம்மாமார் பாயும் வாளியும் தலையணையுமாக மாடிக்கு ஏறினார்கள். கட்டிலைத் துடைத்து, விரிப்பு விரித்து, அலமாரியில் துணி அடுக்கி, கொடி கட்டிவிட்டு வருவார்கள்போல. என் மகள் ஒரு கையில் மெத்தைச் சுருளும் இன்னொரு கையில் டிரங்குப் பெட்டியுமாகப் படிக்கட்டில் ஒரு படி ஏறுவாள், பெட்டியை வைப்பாள், மறுபடி ஏறுவாள். பார்த்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா வரலையா சார்?” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது மாடியிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். கும்பகோணத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானாகப் பிடித்துக்கொண்டு, “எந்த ரூம்மா? வா, எங்க பொண்ணு ரூம்தான் போல” என்று அவளோடு ஏறினார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். இறங்கி வந்து என்னிடம், “எல்லாம் எடுத்து வச்சுட்டேங்கண்ணே. கட்டில் ஜன்னலோரமா இருக்கு, காத்து வரும். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க” என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மா அதைப் பார்க்காதவர் மாதிரி தன் வீட்டுக்காரரிடம் போய் ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில மாதம் நான் லாட்ஜிலேயே அதிகம் படுத்தேன். மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். முதல் வருஷம் உடற்கூறு வகுப்பில் இறந்த உடம்பை வைத்துப் படிக்க வேண்டும். அது தொடங்கிய அன்றைக்கு மட்டும் புதன்கிழமையே போன் வந்தது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. “வந்துரட்டுமா தாயி?” என்றேன். “வேண்டாம்பா. சும்மா லைன்ல இருங்க” என்றாள். ரிசப்ஷனில் சாவி கேட்டு நின்றவர்களைக் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு நான் லைனில் இருந்தேன்.

இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மச்சான் ஊரெல்லாம், “எங்க மருமக மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்கா” என்கிறார். என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

போன ஆனியில் மேலகரத்து வீட்டைக் காலி செய்தேன். ஒற்றை ஆளுக்கு அந்த வீடு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. முதலாளி லாட்ஜின் பின்பக்கம் ஒரு ரூம் தந்தார். போனில் சொன்னபோது மகள், “சரிப்பா, நல்லதுதான்” என்றாள். ஆனால் அந்த வாரமே லீவு போட்டு வந்து நின்றாள்.

அவள் அம்மாவின் சேலைகளை அவளே எடுத்தாள். சிலதை அங்கன்வாடி ஆயாவுக்குக் கொடுத்தாள். கட்டிலையும் பீரோவையும் மச்சான் டெம்போவில் ஏற்றித் தன் ஊருக்குக் கொண்டுபோக வந்திருந்தார். எல்லாம் ஏற்றிய பிறகு மகள் விளக்குமாற்றை எடுத்து வீட்டைப் பெருக்க ஆரம்பித்தாள். காலி வீடு, நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வரப் போகிறது, எதற்குப் பெருக்குகிறாய் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு ரூமையும் பெருக்கினாள். அடுப்படியைப் பெருக்கினாள். பிறகு ஈரத்துணியால் மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் சாரல் இறங்கியது. மச்சான் கட்டிலின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியபடி, “ஏட்டி, நனையுது, வா” என்று குரல் கொடுத்தார். இரண்டாவது தடவை அவர் கூப்பிடவில்லை. டெம்போக்காரரிடம் ஏதோ சொல்ல, அவர் இஞ்சினை அணைத்தார்.

நானும் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இந்த வீட்டுக்கு வரவே பயந்தேம்பா” என்றாள்.

“தெரியும் தாயி.”

“இனிமே வர முடியாதுன்னா அதுவும் முடியல.”

மழை கொஞ்சம் விட்டதும் எழுந்தோம். அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். கதவைப் பூட்டி, சாவியை மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிட்டு, டெம்போவில் அவள் மாமாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.